பழுதைச் சொல்லும் கணிப்பொறி
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

முன்னுரை

"சர்வர் டவுன்" என்ற இரண்டு சொற்களை அறியாதவர் இன்று எவரும் இலர் எனலாம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள்கூட இவற்றின் பொருளை நன்கு அறிவர். "இன்று உங்கள் வேலை நடக்காது, நாளை வாருங்கள்" என்பதே அப்பொருள்.

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் பதிவு செய்ய என் தாயாருடன் ஒரு கணிப்பொறி மையத்திற்குச் சென்றேன். தாயாரின் கைரேகையும் தேவைப்பட்டதால் அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. மையத்தின் கதவில் அந்த இரண்டு சொற்கள் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. மறுநாளும் அதே தாள். மூன்றாம் நாள் விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். அன்றும் மாலை வரை வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினோம். மூன்று நாள் கூலி போயிற்று. அவ்வாண்டு உதவித்தொகையும் போயிற்று. காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கையில் தாயார் கேட்டார்: "ஏம்பா, அந்த மிஷினுக்கு ஒடம்பு சரியில்லன்னா அது முன்னாடியே சொல்லாதா?"

கணிப்பொறி அறிவியல் படிக்கும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னொரு நாள் அங்கே பழுது பார்த்தவரிடம் விசாரித்தேன். பின்னறையில் இருந்த சர்வரின் வட்டு முழுவதும் நிறைந்துவிட்டதாம். நிறைவதற்குப் பல வாரங்கள் ஆயினவாம். அத்தனை வாரங்களும் அதை எவரும் பார்க்கவில்லை.

தாயாரின் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையும், நம் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்த்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். கணிப்பொறி தன் பழுதை முன்கூட்டியே சொல்லும். ஆனால் எதைச் சொல்வது, எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் நாம் அதற்கு முன்னதாகக் கற்பித்திருக்க வேண்டும்.

சர்வர் என்பது யாது?

ஹோட்டலில் நாம் கேட்பதைக் கொண்டுவந்து வைப்பவரைச் சர்வர் என்கிறோம். கணிப்பொறி உலகிலும் பொருள் அதுவே. பல கணிப்பொறிகள் கேட்கும் செய்திகளை ஓரிடத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறியே சர்வர். தமிழில் சேவையகம் என்பர். ஹோட்டல் சர்வருக்கு உடல்நிலை சரியில்லை எனில் முதலாளியிடம் விடுப்புக் கேட்பார். கணிப்பொறிச் சர்வரோ பெரும்பாலும் பூட்டிய அறையில் ஆள் பார்வையின்றி இரவும் பகலும் இயங்குவது. ஆகவே அதன் நலத்தைக் கவனிக்கத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவர் முதலில் நாடியையும் காய்ச்சலையும் பார்ப்பது போல, சர்வரிலும் சில அளவுகளை முதலில் பார்க்க வேண்டும். வட்டில் மீதமுள்ள இடம், நினைவகத்தின் பயன்பாடு, செயலியின் சுமை, வெப்பம், மின்விசிறியின் வேகம், கடிகாரத்தின் சரிநிலை ஆகியன அவை. எல்லாவற்றிற்கும் மேலாக, கேட்டால் விடை வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சர்வரில் 500 ஜிகாபைட் வட்டு உள்ளது. அதில் 300 நிரம்பியுள்ளது. நாள்தோறும் 4 ஜிகாபைட் கூடுகிறது எனக் கொள்வோம். 25 நாட்களில் 400 ஆகும். அதாவது 80 விழுக்காடு. அந்நிலையில் "கவனிக்கவும்" என்று ஓர் எச்சரிக்கை வந்தால், வட்டு நிறைய இன்னும் 25 நாட்கள் நம் கையில் உள்ளன. 90 விழுக்காட்டில் "அவசரம்" என்று இரண்டாவது எச்சரிக்கை வந்தால் பன்னிரண்டரை நாட்கள் உள்ளன. பழைய கோப்புகளை அகற்றவோ, புதிய வட்டு வாங்கவோ இது போதுமான காலம். ஆனால் ஒரு நாளைக்கு 4 என்பது திடீரென 40 ஆகிவிட்டால் 80 விழுக்காட்டிற்குப் பின் இரண்டரை நாள்தான் இருக்கும். ஆதலால் நிறைந்த அளவை மட்டுமன்றி நிறையும் வேகத்தையும் கவனிக்க வேண்டும்.

வட்டின் உடல்நலம் வேறு. இக்கால வட்டுகளில் ஸ்மார்ட் எனப்படும் தன்னறிக்கை முறை உள்ளது. கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக மாற்றுப் பகுதிகள் எத்தனை பயன்பட்டன என்ற கணக்கை வட்டே வைத்துக்கொள்ளும். அவ்வெண் நாளுக்கு நாள் கூடினால் அவ்வட்டை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். எல்லா வட்டுகளும் முன்னறிவித்துவிட்டே கெடும் என்று நம்பிவிடக் கூடாது. சில திடீரென்றும் நின்றுவிடும். அதற்காகவே பிரதிகள் வேண்டும்.

பெரிய சர்வர்களில் பி.எம்.சி. எனப்படும் சிறு கணிப்பொறி ஒன்றும் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். அதற்கெனத் தனிப் பிணைய இணைப்பும் இருக்கும். முதன்மைக் கணிப்பொறி விழுந்து கிடக்கும்போதும் இது விழித்திருந்து வெப்பம், மின்வழங்கி, விசிறி ஆகியவற்றின் நிலையைச் சொல்லும். தொலைவிலிருந்தே மீண்டும் இயக்கவும் உதவும். இதனை அமைக்கும்போது ஆலையில் இட்ட கடவுச்சொல்லை முதலில் மாற்ற வேண்டும். பொது இணையத்தில் இருந்து இதை எட்ட முடியாதபடியும் செய்ய வேண்டும்.

எழுதி வைத்தல்

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலில் ஓர் அட்டை தொங்கும். சர்வரில் அந்த அட்டைக்கு நிகரானது லாக் எனப்படும் நிகழ்வுப் பதிவேடு. யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் இப்பணியைச் செய்யும் சிஸ்லாக் என்ற முறையை 1980-களில் எரிக் ஆல்மன் என்பவர் உருவாக்கினார். அதில் செய்திகள் எட்டு நிலைகளாகப் பகுக்கப்படுகின்றன:

0 – முழு நெருக்கடி. கணிப்பொறி பயன்படா நிலை
1 – உடனே செயல்பட வேண்டியது
2 – கடுமையான நிலை
3 – பிழை
4 – எச்சரிக்கை
5 – குறிப்பிடத்தக்க செய்தி
6 – சாதாரணத் தகவல்
7 – பிழைதிருத்துவோருக்கான நுண்விவரம்

எண் குறையக் குறையக் கடுமை கூடும் என்பதை நினைவில் கொள்க. நாள்தோறும் இயங்கும் சர்வரில் பொதுவாக 6 வரை எழுதச் சொன்னால் போதும். பழுது தேடும்போது 7 வரை திறக்கலாம். வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். மூட மறந்தால் பதிவேடே வட்டை விழுங்கிவிடும். நான் விசாரித்த சர்வரில் நடந்ததும் இதுதான். நோயைக் குறிக்க வைத்த ஏடே நோயாயிற்று! இதைத் தவிர்க்க, பதிவேட்டை நாள்தோறும் புதிதாகத் தொடங்கிப் பழையதைச் சுருக்கி வைத்து, குறித்த காலத்திற்குப் பின் அழிக்கும் சுழற்சி முறையை அமைக்க வேண்டும். பதிவேட்டிற்கு வட்டில் தனிப் பகுதி ஒதுக்குவதும் நன்று.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மைய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி நிறுவனங்களும் தரவு மையங்களும் அரசு அமைப்புகளும் தம் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். கணிப்பொறிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் தரும் நேரத்தோடு இசைவிக்க வேண்டும். கடிகாரத்திற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று தோன்றலாம். இரண்டு சர்வர்களின் பதிவேடுகளை ஒப்பிடும்போது ஒன்றின் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தி இருந்தால், எது காரணம், எது விளைவு என்பதே தலைகீழாகிவிடும் அல்லவா?

பதிவேட்டின் ஒரு பிரதி வேறொரு கணிப்பொறிக்கும் உடனுக்குடன் சென்றுகொண்டிருக்க வேண்டும். வீடு எரியும்போது தீயின் காரணத்தை எழுதிய தாளும் உள்ளேயே இருந்தால் பயன் இல்லை.

விழுந்தால் எழுவது எப்படி?

எல்லாக் கண்காணிப்பையும் மீறி ஒரு நாள் சர்வர் விழத்தான் செய்யும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்பே அமைத்து வைக்கலாம். விண்டோஸ் இயங்குதளத்தில் இதற்கென உள்ள பலகத்தில் மூன்று தேர்வுகளைக் காணலாம்: நிகழ்வைப் பதிவேட்டில் எழுதுவது, தானாக மறுபடி தொடங்குவது, விழும் கணத்தில் நினைவகத்தில் இருந்ததைப் பிரதி எடுத்து வைப்பது. டம்ப் எனப்படும் இப்பிரதியே பின்னர் காரணம் காண உதவும். சிறியது, முழுமையானது எனப் பல வகைகள் இதில் உண்டு. முழுப் பிரதிக்கு நினைவகத்தின் அளவிற்கும் சற்று மேலாகவே வட்டில் இடம் வேண்டும்.

லினக்ஸில் இயங்குதளத்தின் கருவகம் நிலைகுலைந்தால் எத்தனை வினாடி கழித்து மறுபடி தொடங்க வேண்டும் என்று ஓர் எண் தரலாம். அவ்வெண் பூஜ்யமாக இருந்தால் அப்படியே நின்றுவிடும். ஆளில்லாத அறையில் இது விடியும்வரை நீடிக்கும்.

அப்படியானால் எப்போதும் தானாக எழும்படி அமைத்துவிடலாமே எனலாம். அங்கேயும் ஓர் அபாயம் உண்டு. 2024 ஜூலை 19-ஆம் நாளை நினைவு கூர்வோம். இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு புதிய கோப்பை அனுப்பியது. மென்பொருள் 21 மதிப்புகளை எதிர்பார்த்தது; கொடுக்கப்பட்டவையோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப் போய் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. தானே எழுந்தன; எழுந்ததும் அதே கோப்பைப் படித்து மீண்டும் விழுந்தன. 10.57-க்குள் நிறுவனம் அக்கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆயினும் விழுந்து எழுந்து கொண்டிருந்த கணிப்பொறிகள் பலவற்றிற்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை. ஊழியர்கள் ஒவ்வொன்றின் முன்பும் அமர்ந்து அக்கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அது உலகின் விண்டோஸ் கணிப்பொறிகளில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே. அன்று நம் திரிசூலம் ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள சென்னை விமான நிலையத்திலும் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, மறுதொடக்கத்திற்கு எல்லை வேண்டும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்-டி என்ற நிரல், 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் ஒரு சேவை தொடங்கப்பட்டால் அதனை நிறுத்திவைத்துவிடும். இந்த எண்களை நம் தேவைக்கேற்ப மாற்றலாம். விண்டோஸிலும் ஒவ்வொரு சேவைக்கும் முதல் வீழ்ச்சி, இரண்டாம் வீழ்ச்சி, அதற்குப் பிந்தியவை எனத் தனித்தனியே கட்டளை தரலாம். முதல் இரண்டிற்கு மறுதொடக்கம், மூன்றாவதற்கு மனிதனை அழைப்பது என்பது நல்ல அமைப்பு. இரண்டு, எந்த மாற்றத்தையும் எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே நேரத்தில் செய்யலாகாது. சிலவற்றில் செய்து, பார்த்துவிட்டுப் பிறகே மற்றவற்றில் செய்ய வேண்டும்.

யாரிடம், எப்போது?

நாகியோஸ் என்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருள் 1999 முதல் வழக்கில் உள்ளது. அது சர்வரைச் சோதிக்கும் ஒவ்வொரு சிறு நிரலும் ஓர் எண்ணை விடையாகத் தரும். 0 எனில் நலம். 1 எனில் எச்சரிக்கை. 2 எனில் கடுமை. 3 எனில் தெரியவில்லை. "தெரியவில்லை" என்பதை "நலம்" என்று கொள்ளாமல் தனியே வைத்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். முதல் முறை தவறியதும் கூக்குரல் இடாமல், சில முறை மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்ட பின்னரே அது மனிதனுக்குச் செய்தி அனுப்பும்.

இது தேவையான பொறுமை. "புலி வருது" என்று பலமுறை பொய்யாகக் கத்திய சிறுவனின் கதையை நாம் அறிவோம். நாளொன்றுக்கு நூறு செய்திகள் வந்தால் நூற்றொன்றாவதை எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஆகவே, "இந்தச் செய்தி வந்தால் நான் என்ன செய்வேன்?" என்ற கேள்விக்கு விடையுள்ளவற்றை மட்டுமே மனிதனுக்கு அனுப்ப வேண்டும். மற்றவை பதிவேட்டில் இருக்கட்டும். ஒருவர் குறித்த நேரத்தில் பதில் தராவிடில் அடுத்தவருக்குச் செய்தி போகவும் வழி செய்ய வேண்டும்.

மௌனமும் ஒரு செய்தியே

இதுவரை சொன்னவற்றில் ஒரு பெரிய ஓட்டை உள்ளது. செய்தி சொல்லும் ஏற்பாடே கெட்டுப்போனால் என்ன ஆகும்?

கிட்லேப் என்ற நிறுவனத்தில் இது நடந்தது. 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை இட்டுவிட்டதால் சுமார் 300 ஜிகாபைட் தரவுகள் அழிந்தன. பிரதி இருக்கிறதே என்று தேடினர். நாள்தோறும் பிரதி சென்றிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது! மென்பொருளின் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் பிரதி எடுக்கும் பணி தோல்வியுற்று வந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டன. ஆனால் அவற்றில் முறையான முத்திரை இல்லாததால் அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. எச்சரிக்கை எதுவும் வராததை நலம் என்று அனைவரும் நம்பியிருந்தனர். வேறொரு பணிக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதியே காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவுகள் போனவை போனவையே. அந்நிறுவனம் எதையும் மறைக்காமல் நடந்தவற்றை வெளியிட்டதால்தான் நம் போன்ற மாணவர்கள் இன்று அதிலிருந்து கற்க முடிகிறது.

இந்த ஓட்டையை அடைப்பது எப்படி? விடை நாம் நாள்தோறும் பயணம் செய்யும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ட்ராக் சர்க்யூட் எனப்படும் தடச்சுற்றில், தண்டவாளத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குச் சிறு மின்னோட்டம் செல்லும். மறுமுனையில் உள்ள ரிலேயை அது பிடித்து நிறுத்தியிருக்கும் வரைதான் பச்சை விளக்குக்கு இசைவு கிடைக்கும். ரயில் வந்தால் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிடும், ரிலே விழும், விளக்கு சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், தண்டவாளம் முறிந்து மின்சுற்று அறுபட்டாலும் அதே ரிலே விழும், சிவப்பே எரியும். 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற முறை இது. பல இடங்களில் இன்று அச்சு எண்ணும் கருவிகள் வந்துவிட்டாலும் கொள்கை மாறவில்லை. பாதை காலி என்பதற்குச் சான்று வந்துகொண்டே இருக்க வேண்டும். சான்று நின்றால் அபாயம் என்றே கொள்ளப்படும்.

சர்வருக்கும் அவ்வாறே அமைக்கலாம். "பழுது நேர்ந்தால் சொல்" என்பதோடு, "ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை நலம் என்று சொல், சொல்லாவிட்டால் பழுது என்று கொள்வேன்" என்பதையும் சேர்க்க வேண்டும். இதனை ஹார்ட்பீட், அதாவது இதயத்துடிப்பு என்பர். துடிப்பைக் கேட்கும் கணிப்பொறி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

மேலும், இயந்திரம் நலமாக இருப்பதால் மட்டும் பணி நடந்துவிடாது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது, எங்கள் ஊருக்கு அடுத்த நிலையமான மறைமலைநகரில் உள்ள அச்சகத்திற்குத் தொழிலாளர்கள் வந்து சேர முடியாததால், டிசம்பர் 2-ஆம் நாள் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கப்பட்ட அவ்விதழுக்கு வெள்ளத்தால் இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அச்சு இயந்திரத்தை மட்டும் கேட்டிருந்தால் "நலம்" என்றே சொல்லியிருக்கக் கூடும். ஆனால் வாசகர் கையில் இதழ் இல்லை. எனவே சர்வரின் உள்ளே இருந்து பார்ப்பதோடு நில்லாமல், வெளியே இருந்து, பயன்படுத்துவோர் எவ்வழியில் வருவாரோ அவ்வழியிலேயே வந்து, ஒரு விண்ணப்பம் பதிவாகிறதா என்று சோதிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

நாமே செய்து பார்க்க

இதற்குப் பெரிய சர்வர் தேவையில்லை. ஆய்வகத்தின் பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் நிறுவிக் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. வட்டு 80 விழுக்காடு நிறைந்தால் செய்தி அனுப்பும் சிறு நிரல் எழுதுக. பிறகு ஒரு பெரிய கோப்பை உருவாக்கி வேண்டுமென்றே நிறைத்து, செய்தி வருகிறதா எனப் பார்க்க.
2. ஒரு சேவையை நிறுத்திவிட்டு, அது எத்தனை வினாடியில் எழுகிறது எனக் குறிக்க. பின் தொடர்ந்து விழச் செய்து, எத்தனையாவது முறையில் நிற்கிறது எனக் காண்க.
3. பிணைய வடத்தைப் பிடுங்கிவிடுக. மற்றொரு கணிப்பொறி துடிப்பு நின்றதை உணர்கிறதா?
4. எடுத்து வைத்த பிரதியில் இருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்க்க. மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ணலாகாது.

முதற்பயிற்சியில் என் நிரல் செய்தி அனுப்பவில்லை. ஏன் எனத் தேடினேன். செய்தியை அனுப்புமுன் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும்படி அமைத்திருந்தேன். சோதனைக்காக நான் வட்டை முழுவதும் நிறைத்துவிட்டதால் அதற்கும் இடமில்லை! வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

முடிவுரை

கண்காணிப்பு என்பது விலையுயர்ந்த கருவியைப் பொறுத்ததன்று. நான் எழுதிய வட்டு நிரல் இருபது வரிகளே. அது போன்ற ஒன்று அந்த மையத்தின் சர்வரில் இருந்திருந்தால், வரிசை உருவாவதற்குப் பல வாரங்கள் முன்பே ஒருவருடைய கைப்பேசிக்குச் செய்தி போயிருக்கும். அரை மணி நேர வேலையில் சரி செய்திருக்கலாம். கதவில் தாள் ஒட்டும் தேவையே வந்திராது.

பழுதை முதலில் அறிபவர் சர்வரைப் பராமரிப்பவராக இருக்க வேண்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவராக இருக்கக் கூடாது. நம்மில் பலர் நாளை இத்தகைய சர்வர்களைப் பராமரிக்கும் பணிக்குச் செல்ல இருக்கிறோம். அப்போது எல்லைகளையும் எண்களையும் அமைக்கும் முன் அந்த வரிசையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.

என் தாயாருக்கு இவற்றை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அது சொல்லும், சொல்லச் சொல்லி யாரும் சொல்லல, அவ்வளவுதான?" என்றார். இக்கட்டுரையை இதனினும் சுருக்கமாக என்னால் கூற இயலாது.